எந்தத் தீவில் எடுத்தது?

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கலாபகஸ் தீவுகளுக்குப் போய் வந்தவர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். போனது உண்மை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகள், "நீங்க இருபது வருஷமா பாடம் எடுக்கிற இடத்தை ஒருமுறை பார்த்துட்டு வரலாம்மா" என்று சொல்லி அழைத்துப் போனாள். துறையில் அனுமதி வாங்கி, சென்ற கோடை விடுமுறையில் பத்து நாள் அங்கே இருந்தோம். என் கைப்பேசியில் எண்ணூறு படம் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் காட்டுகிறேன். இப்போது நான் சொல்ல வந்தது வேறு. இருபது வருடமாக நான் வகுப்பில் தவறாகச் சொல்லி வந்த ஒரு கதையைப் பற்றியும், அந்தக் கதையால் நான் செய்த ஒரு தவறைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான தீவுக்கூட்டம் இது. கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. பெரிய தீவுகள் 13. அவற்றைச் சுற்றிச் சிறு தீவுகளும் பாறைத் திட்டுகளும் நிறைய. நிலப்பரப்பில் 97 விழுக்காடு தேசியப் பூங்கா. மிச்சமிருக்கும் 3 விழுக்காட்டில்தான் ஊர், கடை, பள்ளிக்கூடம், வயல் எல்லாம்.

பால்ட்ரா விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் பாடம் கிடைத்தது. பைகளைத் திறந்து பார்த்தார்கள். வயிற்றுக்கு ஆகும் என்று நான் ஒரு பொட்டலம் வெந்தயம் வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம். பிறகுதான் காரணம் புரிந்தது. வெளியிலிருந்து வந்த செடிகள் அங்கே பெரிய தலைவலி. நாம் ஆசையாக வளர்க்கும் கொய்யா அந்தத் தீவுகளில் காடாகப் பரவி, அங்கேயே தோன்றிய மரங்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு விதை எங்கிருந்து வந்தது என்று அங்கே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எங்கிருந்து வந்தது என்ற இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுவதும் இது வரும்.

இந்தத் தீவுகள் எப்போதும் கண்டத்தோடு ஒட்டியிருந்ததில்லை. கடலடியில் ஓரிடத்தில் பூமிக்குள்ளிருந்து வெப்பம் மேலெழுந்துகொண்டே இருக்கிறது. அங்கே எரிமலை எழும்பித் தீவாகிறது. அதைத் தாங்கியிருக்கும் நிலத்தட்டு மெதுவாகக் கிழக்கு நோக்கி நகர, தீவும் அதோடு நகர்ந்துவிடுகிறது. பழைய இடத்தில் அடுத்த எரிமலை எழும்புகிறது. அதனால் கிழக்கே உள்ள எஸ்பனோலா, சான் கிறிஸ்டோபல் போன்ற தீவுகள் வயதானவை. மேற்கே உள்ள இசபெலாவும் ஃபெர்னாண்டினாவும் இளையவை. ஃபெர்னாண்டினா எரிமலை 2024இல்கூட வெடித்தது. இசபெலாவில் சியரா நெக்ரா என்ற எரிமலையின் விளிம்பு வரை நடந்தோம். கீழே எரிமலைவாய் ஒரு கருப்பு ஏரிபோலக் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடந்தது. தண்ணீர் இல்லை, எல்லாம் உறைந்த பாறை. ஒரு புல்கூட இல்லாத இப்படிப்பட்ட கல்லாகத்தான் ஒவ்வொரு தீவும் தொடங்கியது.

அப்படியானால் இத்தனை உயிர்கள் எப்படி வந்தன? பறந்து வந்திருக்க வேண்டும், காற்றில் மிதந்து வந்திருக்க வேண்டும், அல்லது கடலில் மிதந்து வந்திருக்க வேண்டும். வகுப்பில் இதைக் கேள்வியாகவே கேட்கலாம். அந்தத் தீவுகளில் ஆமை இருக்கிறது, பல்லியினம் இருக்கிறது. ஆனால் தானாக வந்து சேர்ந்த தவளை ஒன்றுகூட இல்லை. ஏன்? தடித்த தோலும் ஓடும் உள்ள ஊர்வன, சோறு தண்ணீர் இல்லாமல் பல நாள் மிதந்து கரை சேர முடியும். தவளையின் ஈரத்தோலும் அதன் முட்டையும் உப்புநீரைத் தாங்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுகிறார்கள். நாம் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் போதும்.

சாண்டா குரூஸ் தீவில் போர்டோ அயோரா என்ற ஊரில் தங்கினோம். அங்கே ஒரு சின்ன மீன் கடை. மீன் வெட்டும் பெண்ணின் இடுப்பருகே ஒரு கடற்சிங்கம் நிற்கிறது, நம் ஊரில் பூனை நிற்பதுபோல. சுற்றிலும் கூழைக்கடாக்கள். குடல் விழுந்தால் ஒரே பாய்ச்சல். மனிதரைக் கண்டு ஒன்றும் அஞ்சவில்லை. அவற்றின் மூதாதையர் வாழ்ந்த தீவுகளில் துரத்தித் தின்னும் பெரிய விலங்குகள் இல்லாததால் அந்த அச்சம் வளரவே இல்லை. நாம்தான் அவற்றிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி.

கடற்கரைப் பாறைகளில் கடல் இகுவானாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெரிய ஓணான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகிலேயே கடலில் இறங்கி இரை தேடும் பல்லியினம் இது ஒன்றுதான். குளிர்ந்த நீரில் மூழ்கிப் பாசியை மேய்ந்துவிட்டு, மேலே வந்து வெயிலில் உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறது. உள்ளே போன உப்பை மூக்கு வழியாகத் தும்மித் தள்ளுகிறது. என் மகளின் காலணியில் ஒரு தும்மல் விழுந்தது. எல் நினோ ஆண்டுகளில் கடல்நீர் சூடாகிப் பாசி அழிந்துவிடும். அப்போது இவற்றின் உடல் நீளமே குறைந்துவிடுகிறது. பிறகு உணவு கிடைத்ததும் மறுபடி வளர்கிறது.

இசபெலாவில் பென்குயின் பார்த்தேன். நிலநடுக்கோட்டில் பென்குயின்! தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டமும், மேற்குப் பக்கத்தில் ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்நீரும்தான் காரணம். புவியியல் ஆசிரியர்கள் நீரோட்டங்களை நடத்தும்போது இந்தப் பறவையைச் சொல்லலாம். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடத்தை நான் எப்படி நடத்துவேன் தெரியுமா? "டார்வின் கப்பலில் போனார். கலாபகஸில் இறங்கினார். ஒவ்வொரு தீவிலும் குருவிகளின் அலகு வேறுவேறாக இருப்பதைப் பார்த்தார். உடனே பரிணாமம் அவருக்குப் புரிந்துவிட்டது." கரும்பலகையில் நான்கு அலகு வரைவேன். பிள்ளைகளும் வரைவார்கள். பாடம் முடிந்தது.

கடைசி மூன்று நாள் சான் கிறிஸ்டோபல் தீவில் இருந்தோம். 1835 செப்டம்பரில் டார்வின் முதலில் இறங்கிய தீவு அதுதான். வழிகாட்டியாக வந்த பெண் அந்தத் தீவுகளிலேயே பிறந்தவர். பாதையில் ஒரு பறவை ஓடியது. நீண்ட வால், சற்று வளைந்த அலகு. நம்மூர்த் தவிட்டுக்குருவிபோலத் தரையில் துள்ளித் துள்ளி ஓடி, பையருகே வந்து எட்டிப் பார்த்தது. மாக்கிங் பறவை என்று பெயர். "சாண்டா குரூஸிலும் இதைப் பார்த்தோம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதேதானா? நன்றாகப் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. கைப்பேசியில் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒன்றல்ல என்று தோன்றியது. சான் கிறிஸ்டோபலில் உள்ளது தனி இனம். உலகில் வேறெங்கும் இல்லை. படத்தின் மேல் தேதியும் இடமும் பதிவாகியிருக்காவிட்டால் எந்தப் படம் எந்தத் தீவு என்றே எனக்குத் தெரிந்திருக்காது. இதை அவரிடம் சொன்னேன். "டார்வினுக்கும் இதே தொல்லைதான். அவரிடம் கைப்பேசியும் இல்லை" என்றார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் சங்கடமாகிவிட்டது. ஊருக்கு வந்ததும் தேடிப் படித்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி.

டார்வின் அந்தத் தீவுகளில் இருந்தது ஐந்து வாரம். அப்போது அவருக்கு வயது 26. குருவிகளைச் சேகரித்தார். ஆனால் பெரும்பாலானவற்றில் எந்தத் தீவில் எடுத்தது என்று குறிக்கவில்லை. அவையெல்லாம் நெருங்கிய உறவுள்ள குருவிகள் என்றுகூட அவருக்குத் தெரியாது. சிலவற்றை வேறு குடும்பப் பறவைகள் என்றே நினைத்தார். ஒரு தீவில் இருந்த துணை ஆளுநர் லாசன் என்பவர், "ஓர் ஆமையைப் பார்த்தால் அது எந்தத் தீவு ஆமை என்று என்னால் சொல்ல முடியும்" என்று அவரிடமே சொன்னார். உலகை மாற்றப் போகிற செய்தி அது! டார்வின் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலில் சுமார் 30 ஆமைகளை ஏற்றினார்கள். எதற்கு? வழியில் சாப்பிட. தின்று முடித்து ஓடுகளைக் கடலில் எறிந்துவிட்டார்கள்.

1837 சனவரியில் லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவை வல்லுநர், டார்வின் கொடுத்த பறவைகளைப் பார்த்துவிட்டு, இவையெல்லாம் ஒரே குழுவைச் சேர்ந்த தனித்தனி இனங்கள் என்றார். அப்போதுதான் டார்வினுக்கு உறைத்தது. எது எந்தத் தீவு? குறிப்பு இல்லை. என்ன செய்தார்? கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராயும், டார்வினின் உதவியாளர் சிம்ஸ் கவிங்டனும் தங்களுக்கென்று தனியாகச் சேகரித்திருந்தார்கள். அவர்கள் தீவின் பெயரையும் எழுதி வைத்திருந்தார்கள். அவர்களிடம் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். டார்வின் தாமே தீவு வாரியாகக் குறித்து வைத்திருந்தது மாக்கிங் பறவைகளைத்தான். ஒரு தீவில் கண்டதற்கும் அடுத்த தீவில் கண்டதற்கும் வேறுபாடு இருப்பதை அங்கேயே கவனித்திருந்தார். அவருடைய சந்தேகம் தொடங்கியது அந்தப் பறவையிடம். கரும்பலகையில் நான் வரைகிற குருவிகளிடம் அல்ல. 'டார்வின் குருவிகள்' என்ற பெயரே அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 20ஆம் நூற்றாண்டில் வந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தவறை டார்வின் மறைக்கவில்லை. லாசன் சொன்னதைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றும், இரண்டு தீவுகளின் சேகரிப்பை ஓரளவு கலந்துவிட்டேன் என்றும் தம் பயண நூலில் அவரே எழுதியிருக்கிறார். பரிணாமம் பற்றிய அவருடைய நூல் வந்தது 1859இல். தீவில் இறங்கி 24 ஆண்டுகள் கழித்து. நான் வகுப்பில் சொன்ன 'உடனே' என்ற சொல்லின் நீளம் 24 ஆண்டு.

இது எனக்கு ஏன் இவ்வளவு வலித்தது என்று சொல்கிறேன்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் என் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். சராசரி மதிப்பெண்தான். ஒருநாள் பதினான்கு தீப்பெட்டிகளைப் பையில் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு நத்தை ஓடு. மேலே பென்சிலால் எழுதியிருந்தாள்: 'பெரிய ஏரி, மதகுப் பக்கம், புதன்கிழமை.' 'வாய்க்கால், பாலத்துக்குக் கீழே, சனிக்கிழமை.' "டீச்சர், ஏரி நத்தைக்கும் வாய்க்கால் நத்தைக்கும் ஓடு வேற மாதிரி இருக்கு. ஏன் டீச்சர்?" என்றாள்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "இதெல்லாம் பாடத்துல இல்லம்மா. திருப்புதல் தேர்வு வருது, போய்ப் படி." தீப்பெட்டிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் டார்வினை நடத்தினேன், அந்த 'உடனே' கதையோடு. பாடம் முடிந்ததும் அவள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "அவங்களுக்கெல்லாம் பார்த்த உடனே தெரிஞ்சிடுது. நமக்கெல்லாம் சயின்ஸ் வராதுடி." மேல்நிலையில் அவள் அறிவியல் பிரிவு எடுக்கவில்லை. என்னால்தான் என்று சொல்ல மாட்டேன். வேறு காரணமும் இருந்திருக்கும். ஆனால் டார்வின் செய்யத் தவறிய ஒன்றை என் வகுப்பில் ஒரு பதினைந்து வயதுப் பெண் செய்துகொண்டு வந்தாள். நான் அதைப் பைக்குள் வைக்கச் சொன்னேன். சான் கிறிஸ்டோபல் பாதையில் நின்றபோது என் நினைவுக்கு வந்தது அந்தத் தீப்பெட்டிகள்தான்.

எங்கே, எப்போது என்று எழுதுவது அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்கலாம். இரண்டு உண்மை நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

பால்ட்ராவில் இறங்கும்போது விமானத்தின் ஜன்னல் வழியாக ஒரு சின்ன மொட்டைத் தீவு தெரிந்தது. டாஃப்னி மேஜர் என்று பெயர். 1973இல் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் அங்கே ஆய்வு தொடங்கி, ஏறத்தாழ 40 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு, அலகை அளந்து, எழுதி வைத்து, விட்டுவிடுவார்கள். 1977இல் கடும் வறட்சி. சிறிய மென்மையான விதைகள் தீர்ந்துபோயின. மிஞ்சியவை கடினமானவை. அவற்றில் முக்கியமானது நம்மூர் நெருஞ்சியின் உறவுச் செடி ஒன்றின் முள்காய். அந்த முள்காயை உடைக்கும் வலுவான அலகு இருந்த குருவிகள் அதிகம் பிழைத்தன. மற்றவை பெரும்பாலும் மடிந்தன. பிழைத்தவற்றின் குஞ்சுகளுக்கு அலகு சராசரியாகச் சற்றுப் பெரிதாக இருந்தது. பின்னர் பெருமழை பெய்து சிறு விதைகள் மிகுந்தபோது நிலைமை தலைகீழானது. இயற்கைத் தேர்வு கண்முன்னே நடந்ததை உலகம் அறிந்தது அந்தக் குறிப்பேடுகளால்தான். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: எந்தக் குருவியும் தேவைக்காக அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. பெரிய அலகோடு ஏற்கெனவே இருந்தவை பிழைத்தன. பிள்ளைகள் மட்டுமல்ல, நாமும் அடிக்கடி தடுமாறும் இடம் இது.

இரண்டாவது, ஆமைகள். ஈரமான மேட்டுநிலங்களில் வாழும் ஆமைகளின் ஓடு கவிழ்த்த சட்டிபோல இருக்கும். வறண்ட தீவுகளில் சிலவற்றின் ஓடு முன்பக்கம் தூக்கி, குதிரைச் சேணம்போல இருக்கும். கழுத்தை உயர்த்தி, மரம்போல வளரும் சப்பாத்திக்கள்ளியை எட்டலாம். போர்டோ அயோராவில் டார்வின் ஆய்வு நிலைய வளாகத்தில் 'தனிமை ஜார்ஜ்' என்ற ஆமையின் பதப்படுத்திய உடலை வைத்திருக்கிறார்கள். 1971இல் பிண்டா தீவில் கண்டெடுக்கப்பட்டது. அந்தத் தீவு இனத்தில் வேறு ஆமையே கிடைக்கவில்லை. 2012 சூன் 24 அன்று ஜார்ஜ் இறந்தது. அதோடு ஓர் இனம் முடிந்தது. அந்தக் குளிர்ந்த அறையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

எஸ்பனோலா தீவின் கதை வேறு. அங்கே எஞ்சியிருந்தவை 14 ஆமைகளே. இரண்டு ஆண், பன்னிரண்டு பெண். அமெரிக்காவில் சான் டியாகோ விலங்குக் காட்சி சாலையில் இருந்த ஓர் ஆண் ஆமை எஸ்பனோலாவைச் சேர்ந்தது என்று அடையாளம் கண்டு 1970களில் திரும்பக் கொண்டுவந்தார்கள். டியகோ என்று பெயர். இனப்பெருக்கத் திட்டம் வென்று, இன்று அந்தத் தீவில் இரண்டாயிரம் அளவுக்கு ஆமைகள் இருக்கின்றன. 2020இல் டியகோவையும் மற்ற 14 ஆமைகளையும் சொந்தத் தீவிலேயே கொண்டுபோய் விட்டார்கள். 'எந்தத் தீவு ஆமை' என்ற கேள்விக்கு விடை தெரிந்ததால் கிடைத்த பலன் இது.

இப்போது என் வகுப்பில் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறேன். செலவில்லாதவை. உங்களுக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. நான்கு பத்திகள்: என்ன பார்த்தேன், எங்கே, எப்போது, என்ன சந்தேகம். வாரம் ஒரு பதிவு போதும். எறும்பு, இலை, மேகம் எதுவானாலும் சரி. நான் மதிப்பெண் போடுவதில்லை. 'எங்கே', 'எப்போது' காலியாக இருந்தால் மட்டும் திருப்பிக் கொடுப்பேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எழுத்துக்குப் பதில் படம் வரையச் சொல்லலாம். கரும்பலகையின் ஓரத்தில் 'டீச்சருக்கும் தெரியாதவை' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். சந்தேகப் பத்தியில் எனக்கு விடை தெரியாதது வந்தால் அங்கே எழுதுவோம். இப்போது ஒன்பது கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்வி நத்தை ஓடு பற்றியது. அதை எழுதியது நான்.

இரண்டு, டார்வின் கதையை முழுதாகச் சொல்கிறேன். மறந்தார், கலந்தார், தின்றார், பிறர் குறிப்பைக் கேட்டு வாங்கினார், தவறை எழுதினார், பல்லாண்டுகள் யோசித்தார். முன்பெல்லாம் அலகுப் படத்தோடு அமைதியாக முடியும் வகுப்பு, இப்போது கேள்விகளோடு முடிகிறது.

அந்த மாணவியின் எண்ணை அவள் தோழியிடம் வாங்கிப் பேசினேன். ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள். தீப்பெட்டிகளைப் பற்றிக் கேட்டதும், "ஐயோ, அதை இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களா டீச்சர்?" என்று சிரித்தாள். டார்வினின் குருவிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் செஞ்சது சரிதானா டீச்சர்?" என்றாள்.

"சரிதாம்மா. நான்தான் அப்ப கவனிக்கல" என்றேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப் போகிறோம். மதகுப் பக்கம் அவளுக்குத்தான் தெரியும்.